குணம் வருவதற்குள் ஒரு தோட்டம்

ஏப்ரல் 22, செவ்வாய்

எங்கள் விடுதியின் மூன்றாம் அறைக்குக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மத்தியானம் பயிற்றங்காய்க் கறி இல்லையா என்று கேட்டார்கள். போன வருடம் வந்தபோது என் மனைவி குணலட்சுமி பின்வளவில் பிடுங்கிச் சமைத்துக் கொடுத்தாளாம். நான் சந்தையில் வாங்கிய கோவாக் கறியைக் காட்டிச் சமாளித்தேன். பின்வளவில் இப்போது புல்லும் நெருஞ்சியும்தான்.

குணம் கனடாவுக்குப் போய் ஆறு மாதமும் பதினான்கு நாளும். மகள் தர்சிகாவின் பிள்ளைப்பேற்றுக்கென்று போனவள். ஆறு மாதம் என்று சொல்லித்தான் போனாள். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம், போன பஸ்ஸின் நேரமும் வந்த பஸ்ஸின் நேரமும் எழுதியவன் நான். ஆறு மாதம் என்றால் எனக்கு ஆறு மாதம்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

பின்னேரம் 5.05க்கு வட்ஸ்அப்பில் வந்தாள். அங்கே காலை ஏழரை. முகம் வீங்கி, தலை கலைந்து இருந்தது.

“மேலுக்கு ஏதும் சரியில்லையோ?” என்றேன்.

“ஒண்டும் இல்லையப்பா. இப்பதான் எழும்பினனான்.”

குணம் ஏழரைக்கு எழும்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. காய்ச்சலை மறைக்கிறாளாக்கும்.

பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தாள். விசாவை நீட்டியாகிவிட்டதாம். “தர்சிகா திரும்ப வேலைக்குப் போகோணும். பிள்ளையை ஆர் பாக்கிறது? நல்லூர்க் கொடிக்கு முதல் வந்திடுவன்.”

நல்லூர்க் கோயில் கொடியேற்றம் ஜூலை 29. இன்றிலிருந்து தொண்ணூற்றாறு நாள். ஓம் என்றேன். பெற்ற மகள், பேரப்பிள்ளை, வேறு என்ன சொல்ல? போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். அறை துடைக்க வருகிற இராசமலர்தான் குணம் போனதிலிருந்து சமையலும் பார்க்கிறாள். “என்ன ஐயா, ஏதும் வேணுமோ?” என்றாள். தண்ணீர் என்றேன். எனக்குத் தாகம் இருக்கவில்லை.

மே 3, சனி

முடிவு செய்துவிட்டேன். தோட்டம் வைக்கப்போகிறேன்.

கொடியேறி இருபத்தைந்து நாளும் இந்த வீட்டில் மீன், முட்டை ஒன்றும் அடுப்பில் ஏறாது. நான்கு அறையும் நிறைந்திருக்கும். அந்த நாள்களில் வருகிற சனம் மரக்கறிக்காகவே குணத்தைத் தேடி வந்தது. அவள் வந்து இறங்கிப் பின்கதவைத் திறக்கும்போது பந்தல் நிறையப் புடலங்காய் தொங்கவேண்டும். பயிற்றை, வெண்டி, கத்தரி எல்லாம் நிற்கவேண்டும். அதைப் பார்த்தபிறகு எப்படித் திரும்பிப் போவாள்?

அறுபத்திரண்டு வயதுவரை ஒரு கத்தரிக்கன்று நட்டதில்லை நான். எதிர்வீட்டுத் தம்பிராசா அண்ணையிடம் சொன்னேன். கோப்பாயில் தோட்டம் செய்கிறவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். “மம்பெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கிறது எண்டு தெரியுமோ?”

மே 11, ஞாயிறு

மூன்று நாள் கொத்தியதில் கை இரண்டும் கொப்புளம். அண்ணை வந்து வரம்பு கட்டிப் பாத்தி பிரித்துத் தந்தார். மாட்டெரு இரண்டு லான்ட்மாஸ்ரர் வண்டி நிறைய இறக்கியாயிற்று.

குணத்துக்கு வீடியோவில் காட்டினேன். சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

பிறகு கண்டிப்பாகச் சொன்னாள். “இஞ்சாருங்கோ, மோட்டரை மட்டும் பாத்துப் போடுங்கோ. காலையிலை இருவது நிமிசம், பின்னேரம் இருவது நிமிசம். அதுக்கு மேலை வேண்டாம். எங்கடை கிணத்திலை மேலை கிடக்கிறதுதான் நல்ல தண்ணி. அடியிலை உவர். கனக்க இறைச்சால் அது மேலை ஏறிடும்.”

அரியாலையில் கடல்நீரேரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கையில் குடிக்கிற தண்ணீர் எங்கள் கிணற்றில் மட்டும்தான். பின்னேரம் ஆறு வீட்டுக் குடம் வரும். எனக்குத் தெரியாதா? ஓம் ஓம் என்றேன்.

மே 18, ஞாயிறு

புடல், பாகல், பயிற்றை, வெண்டி விதை போட்டாயிற்று. கத்தரிக்கன்று அண்ணை கொண்டுவந்தார். கொப்பியில் தனிப் பக்கம் தொடங்கியிருக்கிறேன். மோட்டர்: காலை 5.40–6.00. மாலை 5.30–5.50.

மே 24, சனி

வெண்டி முளைத்துவிட்டது! இரண்டு இரண்டு இலையாக.

மே 26, திங்கள்

தர்சிகா கதைத்தாள். “அப்பா, அம்மாவுக்கு ரெண்டு வருச விசா எடுக்கலாமாம். நீங்களும் வாங்கோவன். உந்தக் கெஸ்ற் ஹவுசைப் பூட்டிப்போட்டு வாங்கோ.”

“கொம்மா என்ன சொன்னவ?” என்றேன்.

“அவ ஒண்டும் சொல்லேல்லை.”

ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன கருத்து? வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அப்படித்தானே? வீட்டை விடுதியாக்கிப் பதினொரு வருடம். அதில் ஏழு வருடம் நான் டிப்போவுக்குப் போய்வர அவளேதான் நடத்தினாள். பூட்டு என்றால் பூட்டுகிற சாமானா இது?

இன்று மாலை மோட்டர் 5.30–6.10. வெயில் கடுமை.

ஜூன் 2, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகிறது. காலை 5.20–6.00. மாலை 5.00–5.50. அண்ணை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “செடி குடிக்குமட்டும் குடுத்தால் காணும்” என்றார். அவருடைய தோட்டம் போலவா இது? என்னுடையதற்கு நாள் குறிச்சிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

புடல் பந்தலில் ஏறிவிட்டது. பயிற்றைக்குக் கொழுகொம்பு நட்டேன். விருந்தினர் பின்வளவுக்கு வந்து படம் எடுக்கிறார்கள். “அங்கிளின்ரை தோட்டமோ?” என்று ஒரு பிள்ளை கேட்டது. “இல்லை, அன்ரியின்ரை” என்று வாயில் வந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

கல்யாண நாள். முப்பத்து மூன்று வருடம். காலையே வாழ்த்து அனுப்பினேன். அவள் அழைத்தபோது பேரன் மடியில். அவன் போனைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். நாங்கள் கதைத்தது நான்கு நிமிடம், அதிலும் பாதி அவனோடு. வைக்கும்போது “சாப்பிட்டியளோ?” என்று கேட்டாள். முப்பத்து மூன்று வருடமும் இந்த ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள் போல. இன்றைக்கு அது கேட்க நல்லாயிருந்தது.

இரண்டாம் முறை இறைத்தேன், மத்தியானம் 12.00–12.40. பூ வருகிற நேரம், காயக்கூடாது.

ஜூன் 21, சனி

முதல் வெண்டிக்காய். பதினேழு! இராசமலர் பால்கறி வைத்தாள். எனக்கென்று எடுத்து வைத்ததையும் முதலாம் அறைக்காரர் கேட்டுச் சாப்பிட்டார்கள். குணத்துக்குப் படம் போட்டேன். “அடி சக்கை!” என்று எழுதி அனுப்பினாள்.

ஜூன் 28, சனி

காலை 5.00–6.15. மத்தியானம் 12.00–12.50. மாலை 4.45–6.00. கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனாலும் ஊறுகிறது. தோட்டத்தைப் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. இன்னும் முப்பத்தொரு நாள்.

ரிக்கெற் போட்டாச்சோ என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

புடல் பிஞ்சு பதினொன்று. வளையாமல் நீள வளர நுனியில் சின்னக் கல் கட்டினேன். பயிற்றங்காய் இலை ஓரம் கொஞ்சம் காய்ந்திருக்கிறது. இன்னும் தண்ணீர் வேண்டும் போல.

ஜூலை 9, புதன்

காலையில் இரண்டாம் அறைக்காரர் தேநீரில் உப்பு என்றார். சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் மாறிப்போச்சு என்று இராசமலரை ஏசினேன். அவள் புதுச் சீனிப் பக்கற்றை உடைத்து என் கண்முன்னால் போட்டுக் கலக்கித் தந்தாள்.

அதுவும் கரித்தது.

கிணற்றடிக்கு ஓடினேன். வாளியில் அள்ளி வாயில் வைத்தேன். துப்பினேன். திரும்பவும் அள்ளினேன்.

ஜூலை 10, வியாழன்

தம்பிராசா அண்ணை வந்து கொஞ்சம் குடித்துப் பார்த்தார். “எவ்வளவு நேரம் இறைச்சனீர்?”

கொப்பியைக் காட்டினேன். ஒரு நாளும் விடாமல், ஒரு நிமிடமும் பிசகாமல் எழுதியிருக்கிறேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு என் கையில் தந்தார். “எல்லாம் எழுதி வைச்சிருக்கிறீர் பரமலிங்கம். ஒருக்கா நாக்கிலை வைச்சுப் பாத்திருக்கலாம்.”

“இனி என்ன செய்யிறது அண்ணை?”

“மோட்டரைக் கழட்டி வையும். மாரி மழை பெய்யுமட்டும் பாத்துக்கொண்டிரும். வேறை ஒண்டும் செய்யேலாது.”

பின்னேரம் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி குடத்தோடு வந்தாள். நான் சொல்லுமுன்னமே அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் வந்தாள். வெறுங்குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “அக்கா இருக்கேக்கை இப்பிடி ஒருநாளும் நடக்கேல்லை” என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

தண்ணீர்ப் பவுசர் லொறி வந்தது. விடுதிக்கும் ஒழுங்கைக்கும் இனி அதுதான். குடத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நானே குழாயைப் பிடித்து நிரப்பிக் கொடுக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

பயிற்றை முழுவதும் போயிற்று. கத்தரி இலை ஓரமெல்லாம் கருகித் தீய்ந்துவிட்டது. புடல் பிஞ்சு பழுத்து உதிர்கிறது, கட்டின கல்லோடு. குணத்திடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவது? அவள் சொன்னது ஒரேயொரு விஷயம். இருபது நிமிடம்.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு மானங்கெட்ட வேலை செய்தேன். தோட்டத்தைக் காட்டுங்கோ என்று இரண்டு நாளாகக் கேட்கிறாள். நாலு மணிக்கு வெயிலுக்குள் சைக்கிள் மிதித்துக் கோப்பாய்க்குப் போனேன். தம்பிராசா அண்ணையின் பாத்திக்குள் நின்று வீடியோவில் அழைத்தேன். “பார்த்தீரோ என்ரை கத்தரியை!” என்றேன்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். “வடிவாயிருக்கப்பா” என்றாள், மெதுவாக.

அண்ணை வரம்பில் குந்தியிருந்து எல்லாம் கேட்டார். திரும்பும்போது ஒரு பை நிறையக் கத்தரிக்காய் தந்தார். வாங்க வெட்கமாக இருந்தது, வாங்கினேன். அறைகளுக்குச் சமைக்கவேண்டுமே.

ஜூலை 26, சனி

ரிக்கெற் கிடைக்கவில்லையாம். கொடிக்கு வரமுடியாது, தேருக்குப் பார்க்கலாம் என்கிறாள்.

கேட்டதும் நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. செத்த தோட்டத்தை அவள் பார்க்கமாட்டாள் என்ற நிம்மதி. இவளைக் காண எண்ணி எண்ணிக் காத்திருந்தவன் நான்! போனை வைத்து ஐந்து நிமிடத்துக்குப் பிறகுதான் மற்றது, அவள் வரவில்லை என்பது, வந்தது. வந்து இன்னும் போகவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

கொடியேறிவிட்டது. நான்கு அறையும் நிறைய ஆள். சாம்பாரில் சந்தை மரக்கறி.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

5.10க்கு அழைத்தாள். தனியாக ஒரு அறைக்குள் கதவைச் சாத்திவிட்டு இருந்தாள்.

“இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்லோணும். ரிக்கெற் கிடைக்காமல் இல்லை. நான்தான் போடவேண்டாம் எண்டு சொன்னனான். விசா நீட்டச் சொல்லிக் கேட்டதும் தர்சிகா இல்லை, நான்தான்.”

ஏன் என்று கேட்டேன்.

“இஞ்சை நான் ஏழு மணிமட்டும் நித்திரை கொள்ளுறன். பிள்ளை இரவிலை தாயோடை. எட்டு மணிக்குத்தான் என்னட்டைத் தருவாள். அங்கை பதினொரு வருசம் நாலு மணிக்கு எழும்பினனான். காய்ச்சலிலையும் எழும்பினனான். ஏன் எழும்பிறாய், இண்டைக்குப் படு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களும் சொல்லேல்லை. வந்தால் திரும்ப நாலு மணி. நினைக்கவே பயமாக்கிடக்கு.”

அவள் அழவில்லை.

ஓகஸ்ட் 4, திங்கள்

நான் என்ன கொடுமை செய்தனானாம்? அடிச்சனானோ? ஏசினனானோ? குடிச்சிட்டு வந்தனானோ? ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம். வாய் இல்லையோ அவவுக்கு? பதினொரு வருசம் ஒரு சொல்லுச் சொல்லாமல் இருந்துபோட்டு, கடல் தாண்டிப் போய் நிண்டு சொல்லுறா!

இன்றைக்கு அழைப்பு வந்தது. எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

இராசமலரிடம் சாடையாகக் கேட்டேன், அக்கா காலையில் எத்தனை மணிக்கு எழும்புவா என்று.

என்னை விநோதமாகப் பார்த்தாள். “நான் ஆறரைக்கு வரேக்கை இடியப்பம் அவிச்சு முடிஞ்சிருக்கும். சொதியும் கொதிச்சு இறங்கியிருக்கும். தோட்டத்துக்குத் தண்ணியும் விட்டிருப்பா. ஏன் ஐயா, நீங்கள் இந்த வீட்டிலைதானே இருந்தனீங்கள்?”

ஓகஸ்ட் 6, புதன்

இராசமலரைப் பத்து மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். எழுதுகிறேன்:

4.00 எழும்பினேன். 4.10 அடுப்பு. 4.20 தேங்காய் துருவல், மூன்று முடி. 4.50 மா குழைத்தேன், சூடு பிழைத்துத் திரும்பக் குழைத்தேன். 5.15 பிழியத் தொடங்கினேன். அறுபது இடியப்பம். மணிக்கட்டு இரண்டும் விட்டுப்போயிற்று. 6.20 சொதி திரைந்தது. 6.30 முதலாம் அறைக்கு வெறுந்தேநீர். 7.15 சம்பல். 7.40 மேசைக்கு வந்தது, அரைமணி பிந்தி. ஒருவர் சொதி எங்கே என்றார்.

8.30க்குக் கதிரையில் இருந்தேன். எழும்ப முடியவில்லை. அப்போது டிப்போக் கொப்பி நினைவுக்கு வந்தது. எத்தனை சாரதி, எத்தனை நடத்துனர், ஒவ்வொருவனும் ஏறின நேரம், இறங்கின நேரம், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போனால் மேலதிக நேரம் என்று சிவப்பு மையில் எழுதுவேன். ஒருவனுக்கும் ஒரு நிமிடம் குறையவிட்டதில்லை. அதற்கே எனக்கு நல்ல பெயர். சமையலறைக்கு அடுத்த ஸ்ரோர் அறையில் எனக்குப் பக்கத்தில் படுத்திருந்து எழும்பிப் போனவளுடைய நேரத்தை நான் ஒரு நாளும் எழுதவில்லை. நல்ல நான்கு அறையும் வருகிறவர்களுக்கு, எங்களுக்கு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பாய். அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை.

ஐயோ குணம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

எழுதி அனுப்ப வரவில்லை. குரலில் அனுப்பினேன். கிணறு உவர்த்ததைச் சொன்னேன். தோட்டம் செத்ததையும் காட்டிய தோட்டம் அண்ணையுடையது என்பதையும் சொன்னேன். உம்மைத் திரும்பிப் போகவிடாமல் மறிக்கத்தான் தோட்டம் வைத்தேன், நீர் வந்தால் அதுக்குத் தண்ணி இறைக்கிறதும் நீர்தானே என்று ஒருநாளும் யோசிக்கவில்லை என்றேன். வாரும் என்று கேட்கவில்லை. “எழும்பினாப் பிறகு கேளும், அவசரமில்லை” என்று முடித்தேன். ஏழு முறை அழித்து எட்டாம் முறை அனுப்பியது இது.

ஓகஸ்ட் 9, சனி

பதில் வந்தது. ஒரேயொரு வரி. “எங்கடை வளவு மண் எப்பவப்பா சிவந்தது?”

அவளுக்கு அன்றைக்கே தெரியும்! கோப்பாய் மண் செம்மண். எங்களுடையது சாம்பல் நிற மணல். முப்பது வருடம் அதற்குள் நின்றவளுக்கு நான் செம்மண்ணைக் காட்டி, என்ரை கத்தரி என்றிருக்கிறேன். பத்து மணிக்கு வந்த இராசமலர் நான் தனியே இருந்து சிரிப்பதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

ஓகஸ்ட் 11, திங்கள்

“ஒரு மாசத்துக்கு வந்து பாக்கிறன். திரும்பிறதுக்கும் ரிக்கெற் போட்டுத்தான் வாறன், செப்ரெம்பர் 14. பிறகு குறை சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டன்.”

இரண்டாம் அறையை அவளுக்கென்று மறித்துவிட்டேன். கிழக்குப் பக்கம், வேப்பமரக் காற்று வரும், இருக்கிறதில் நல்ல அறை. தேர் நாளுக்கு அதைக் கேட்டு மூன்று பேர் அழைத்துவிட்டார்கள். ஆள் இருக்கு என்றேன்.

ஓகஸ்ட் 18, திங்கள்

5.35க்கு விமான நிலையத்திலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு வான் வந்தது. மெலிந்திருக்கிறாள். இல்லை, முகம் தெளிந்திருக்கிறது. பத்து மாதமும் பத்து நாளும்.

உள்ளே வராமல் நேரே பின்பக்கம் போனாள். காய்ந்த பந்தலுக்குக் கீழே கொஞ்சம் நின்றாள். கிணற்றில் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தாள். பிறகு தொடங்கினாள் பாருங்கள்!

“இருவது நிமிசம் எண்டு நான் என்ன சிங்களத்திலையோ சொன்னனான்? ஊர்ச்சனம் குடிக்கிற தண்ணி! மூளை எண்டு ஒண்டு இருக்கோ இந்த மனிசனுக்கு?”

கேதீஸ்வரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பிராசா அண்ணையும் ஒழுங்கையில் சைக்கிளை நிறுத்திக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பத்து மாதமாக இந்த வீட்டில் என்னை ஒருவரும் இப்படி ஏசவில்லை. இன்னும் கொஞ்சம் ஏசமாட்டாளா என்றிருந்தது.

இரண்டாம் அறையைத் திறந்து காட்டினேன். “நீங்கள் எங்கை படுக்கிறது?” என்றாள். “ஸ்ரோர் அறையிலை. நாலு மணிக்கு மணி அடிக்கும், உமக்குக் குழப்பம்.”

கட்டிலில் ஏறியிருந்து மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

ஓகஸ்ட் 21, வியாழன்

தேர். இரண்டு பேரும் போனோம். நல்லூருக்குச் சைக்கிளில் பத்து நிமிடத்தில் இருந்துகொண்டு, பதினொரு வருடமாக அவள் தேர் பார்க்கவில்லை. ஆள் நிறைந்த நாளில் அடுப்பை யார் பார்ப்பது? இன்றைக்கு நானும் இராசமலரும் விடிய முன்னமே எல்லாம் முடித்துவைத்தோம்.

தேர் அசைந்ததும் தலைக்கு மேல் கைகுவித்து அரோகரா என்று கத்தினாள். அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

ஓகஸ்ட் 30, சனி

இன்றும் 4.15க்குப் பழக்கத்தில் எழும்பி வந்துவிட்டாள். போய்ப் படும் என்றேன். சொதியில் கரண்டியை விட்டு நக்கிப் பார்த்து, “உப்புக் காணாது” என்றுவிட்டுப் போய்ப் படுத்தாள். உப்புப் போட்டேன். கூடிப்போயிற்று.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

தர்சிகாவோடு வீடியோ. பேரன் திரையைத் தடவித் தடவி இவளுடைய மூக்கைப் பிடிக்கப் பார்க்கிறான். பிடிபடவில்லை என்று அழுகிறான். குணம் போனை என்னிடம் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள், அந்த உவர்த் தண்ணீரில்.

பத்து மாதம் எனக்கு இருந்தது இப்போது அவளுக்கு. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? எனக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்று சந்தோஷப்படவா?

செப்ரெம்பர் 13, சனி

நாளைக் காலை ஆறு மணிக்கு வானுக்குச் சொல்லிவிட்டேன். மத்தியானம் இரண்டாம் அறையைக் கடந்தபோது கட்டிலில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. அவள் சீலை மடித்துக்கொண்டிருந்தாள். “என்ன?” என்றாள். “ஒண்டுமில்லை” என்றேன். இரவுச் சாப்பாட்டிலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நில்லும் என்று கேட்கவில்லை. கேட்டால் நிற்பாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

4.00 எழும்பினேன். 5.30 புட்டு அவிந்தது, வழியில் சாப்பிட அவளுக்கு ஒரு பொதி கட்டினேன். 5.50 வான் வந்தது. இரண்டாம் அறையில் வெளிச்சம் இல்லை.

5.55. இன்னும் இல்லை. வான்காரன் ஒருமுறை ஹோர்ன் அடித்தான். அடிக்கவேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

கதவடியில் போய் நின்றேன். உள்ளே நித்திரை கொள்ளும் மூச்சு கேட்கிறது. தட்டாமல் விட்டால் என்ன? பிளேன் போய்விடும். அவள்தான் நித்திரையாகிப்போனாள், என்மேல் என்ன பிழை? அப்படியே நின்றேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், நாலு நிமிடம் நின்றேன்.

6.00க்குத் தட்டினேன். “குணம், வான் வந்திட்டுது.”

திரும்பவும் தட்டினேன்.

“ரிக்கெற்றை மாத்தியாச்சப்பா” என்றாள், கட்டிலில் இருந்தபடியே, நித்திரைக் குரலில். “முந்தநாளே தர்சிகாவிட்டைச் சொல்லிப்போட்டன். தைக்குத்தான் இனி. நீங்கள் வாய் திறந்து கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், கேக்கேல்லை. அதுக்குள்ளை நீங்களும் ஒரு பாஸ்போட் எடுங்கோ. இப்ப என்னை நித்திரை கொள்ள விடுங்கோ.”

வான்காரன் ஆள் எங்கே என்றான். படுத்திருக்கிறா என்றேன். அவனுக்குத் தேத்தண்ணியும், கட்டி வைத்த புட்டுப் பொதியும் கொடுத்து 6.20க்கு அனுப்பினேன். விருந்தினர் எல்லாருக்கும் மெதுவாகக் கதைக்கச் சொன்னேன்.

7.40க்கு இரண்டாம் அறைக் கதவு திறந்தது.